சுத்தாசென்ட்ரல்: மரணத்தையும் பிரிவையும் பற்றிய ஆதி பௌத்த உரைகளைப் பயில ஓர் இணையதளம்

பாலி மொழியிலுள்ள ஆதி பௌத்த உரைகளையும், அவற்றுக்கு இணையாகச் சீன, திபெத்திய, சமஸ்கிருத மரபுகளில் எஞ்சியிருப்பவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்து, கட்டணமோ விளம்பரமோ இன்றி வாசிக்கத் தரும் தளம் சுத்தாசென்ட்ரல். 2005-இல் ராட் பக்னெல், ஜான் கெல்லி, சுஜாதோ பிக்கு ஆகியோரின் முயற்சியில் தொடங்கிய இத்தளம், எந்தச் சூத்திரத்துக்கு எந்த மரபில் இணை உரை உண்டு என்று காட்டும் அட்டவணையிலிருந்து வளர்ந்தது. 2018-இல், புத்தரின் சூத்திரங்களைத் (உரைகளை) தொகுத்த நான்கு பெருந்தொகுதிகளான நிகாயங்களுக்கும் சுஜாதோ பிக்கு செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்ந்த பிறகு, பாலி படிக்காதவரும் நாள்தோறும் திறந்து வாசிக்கக்கூடிய நூலகமாக அது மாறியது. தளத்தின் எல்லாப் பயன்களையும் இங்கே அளக்கப்போவதில்லை. மரணத்தையும் அன்புக்குரியவர்களின் பிரிவையும் பற்றிப் புத்தர் என்ன சொன்னார் என்று கற்று, அதை இன்றைய வாழ்வில் பயில விரும்பும் ஓர் இல்லறத்தாருக்கு இந்தத் தளம் எவ்வளவு தூரம் உதவும் என்பதே கேள்வி. கையில் தெளிவான கேள்வியோடு வருபவருக்கு இதைவிட நல்ல இலவச வசதி எனக்குத் தெரிந்தவரை இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வருபவரைத் தளம் அப்படியே வாசலில் நிற்க வைத்துவிடுகிறது.

வாசிப்பு வசதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பக்கம் விரைவாகத் திறக்கிறது. எழுத்து கண்ணை உறுத்தவில்லை. மொழிபெயர்ப்பை மட்டும் தனியாக வாசிக்கலாம். பாலி மூலத்தைப் பக்கத்திலோ ஒவ்வொரு வரிக்கும் அடியிலோ வைத்தும் வாசிக்கலாம். பாலிச் சொல்லுக்கு அகராதிப் பொருள் அங்கேயே கிடைக்கிறது. பதிவு செய்யவோ கடவுச்சொல் வைக்கவோ யாரும் கேட்பதில்லை.

உரை முழுமையாகக் கிடைப்பதால் என்ன நன்மை என்பதை ஒரே ஒரு சூத்திரத்தை வைத்துக் காட்டிவிடலாம். மூப்பு, நோய், மரணம், அன்பானவை அனைத்தினின்றும் பிரிதல், தன் வினைக்குத் தானே உரியவன் ஆதல் என்னும் ஐந்தையும் அடிக்கடி எண்ணிப் பார்க்கச் சொல்லும் அங்குத்தர நிகாயம் 5.57 இன்று உலகெங்கும் பரவலாகத் தெரிந்தது; தியான வகுப்புகளிலும் சுவரொட்டிகளிலும் ஐந்து வாக்கியங்களாக அது சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் மூலத்தில் அந்த ஐந்து வாக்கியங்கள் தொடக்கம் மட்டுமே. ஒவ்வொன்றையும் ஏன் எண்ண வேண்டும் என்று சூத்திரம் அடுத்துச் சொல்கிறது: இளமைச் செருக்கு, உடல்நலச் செருக்கு, உயிரோடிருக்கும் செருக்கு ஆகிய மூன்றும் மனிதரைத் தவறான நடத்தைக்குத் தள்ளுகின்றன, அன்பானவற்றின் மீதுள்ள வேட்கையும் அவ்வாறே தள்ளுகிறது, அவற்றைத் தணிப்பதற்காகவே இந்த நினைவு. அதாவது மரண நினைவு இங்கே முதலில் ஒழுக்கத்துக்கான பயிற்சி. ஆறுதல் அதற்குப் பின்னரே வருகிறது. அதன்பின் இன்னொரு படி உண்டு. 'நான் மட்டும் அல்லேன், பிறந்த உயிர்கள் அனைத்தும் இந்த இயல்புக்கு உட்பட்டவையே' என்று அதே ஐந்தையும் விரித்து எண்ணும்போதுதான் பாதை தோன்றுகிறது என்கிறது சூத்திரம். தனி ஒருவரின் கவலையாகத் தொடங்கியது எல்லா உயிர்களுக்கும் பொதுவானதாக விரியும் இந்த இரண்டாம் படியைச் சுவரொட்டிகள் விட்டுவிடுகின்றன. இந்தப் பயிற்சி பெண்ணுக்கும் ஆணுக்கும் இல்லறத்தாருக்கும் துறவிக்கும் ஒருங்கே உரியது என்று சூத்திரம் எடுத்த எடுப்பிலேயே சொல்வதும் முழு உரையை வாசிப்பவருக்குத்தான் தெரியவரும்.

மரண நினைவைப் பற்றிய அங்குத்தர நிகாயம் 6.19-உம் 6.20-உம் இதற்கு அடுத்து வாசிக்கத் தக்கவை. முதலாவதில் பிக்குகள் ஒவ்வொருவராகத் தாங்கள் மரணத்தை எப்படி நினைக்கிறோம் என்று சொல்கின்றனர். ஒரு பகலும் இரவும் வாழ்ந்தால் போதும் என்கிறார் ஒருவர். ஒரு பகல் போதும் என்கிறார் மற்றொருவர். ஒரு வேளை உணவு உண்ணும் நேரம், நான்கைந்து கவளம் மெல்லும் நேரம் என்று அது குறுகிக்கொண்டே வருகிறது. ஒரு கவளம் மெல்லும் நேரத்தையும் ஒரு மூச்சு விடும் நேரத்தையும் சொன்ன இருவரை மட்டுமே புத்தர் விழிப்புள்ளவர்கள் என்கிறார். ஒரு நாள் என்று சொன்னவர் மெத்தனமாக இருக்கிறாராம். இரண்டாவது சூத்திரம் அன்றாடப் பயிற்சிக்கு இன்னும் நெருக்கமானது. பகல் முடிந்து இரவு வரும்போதும், இரவு முடிந்து பகல் வரும்போதும், பாம்போ தேளோ பூரானோ தீண்டலாம், உண்டது செரிக்காமல் போகலாம், பித்தமோ கபமோ வாதமோ கிளரலாம் என்று எண்ணி, இக்கணம் இறந்தால் எனக்குத் தடையாக நிற்கக்கூடிய தீய குணம் ஏதேனும் இன்னும் என்னிடம் விடுபடாமல் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்கிறது அது. இருந்தால், தலையில் தீப்பற்றியவன் அதை அணைக்கும் வேகத்தில் முயல வேண்டும்; இல்லையென்றால், மகிழ்ச்சியோடு இரவும் பகலும் பயிற்சியைத் தொடர வேண்டும். அந்த மகிழ்ச்சியைக் கவனிக்க வேண்டும். மரண நினைவு என்றாலே முகம் வாடி உட்காருவது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கடைசிப் பகுதியைக் காட்டலாம்.

இனி தளத்தின் பெரிய குறைக்கு வருவோம். மேலே சொன்ன மூன்று சூத்திரங்களும் அங்குத்தர நிகாயத்தில் இருப்பது தற்செயல். மரணமும் பிரிவும் பற்றிய மற்ற உரைகள் நான்கு நிகாயங்களிலும் ஐந்தாவதான குத்தக நிகாயத்திலும் சிதறிக் கிடக்கின்றன. அவை எண் வரிசையிலும் வகை வரிசையிலும் தொகுக்கப்பட்டவையே தவிர, வாசிப்பவரின் தேவைக்கேற்ப அடுக்கப்பட்டவை அல்ல. தளத்தில் பொருளடைவு ஒன்று உண்டு. அது அகரவரிசையில் எண்களைக் கொட்டித் தருமே ஒழிய, எதை முதலில் வாசிப்பது, எதை நோயாளியின் அருகே இருப்பவர் வாசிக்க வேண்டும், எது துறவிக்கானது என்று பிரித்துக் காட்டாது. இந்த வகையில், ஜான் புல்லிட் 1993-இல் தொடங்கிய ஆக்சஸ் டு இன்சைட் என்னும் பழைய தளம் மேலானது. தலைப்பு வாரியான வழிகாட்டிகள் அங்கே உண்டு. ஆனால் அத்தளம் 2013-இன் இறுதியோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது. நிகாயங்கள் அங்கே முழுமையாகவும் இல்லை. ஆகவே வழியை அங்கே கேட்டுக்கொண்டு இங்கே வந்து வாசிப்பதுதான் நடைமுறைக்கு ஏற்றது. நான் பரிந்துரைக்கும் வரிசையின் நடுப்பகுதியை இனிவரும் பத்திகளில் காணலாம். தளத்தின் உண்மையான மதிப்பு அங்கேதான் தெரிகிறது.

நோயாளியின் படுக்கையருகே பேசப்படும் மூன்று உரைகளை அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். முதலாவது அங்குத்தர நிகாயம் 6.16. பக்க என்னும் நாட்டில் இல்லறத்தாரான நகுலபிதா கடும் நோயுற்றுக் கிடக்கிறார். அவர் மனைவி நகுலமாதா, கவலையோடு சாக வேண்டாம், அப்படிச் சாவது துன்பமானது, அதைப் புத்தரும் போற்றவில்லை என்று சொல்லி, அவர் மனத்தில் என்னென்ன கவலை இருக்கும் என்று தாமே ஊகித்து ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார். முதல் கவலை குடும்பம் எப்படிப் பிழைக்கும் என்பது. பஞ்சு நூற்கவும் கம்பளி சிக்கெடுக்கவும் எனக்குத் தெரியும், பிள்ளைகளை வளர்த்து வீட்டை நடத்த என்னால் முடியும் என்கிறார். அடுத்து, வேறொரு வீட்டுக்குப் போய்விடுவேனோ என்ற ஐயத்தை நீக்குகிறார். பதினாறு ஆண்டுகளாக இருவரும் இல்லறத்திலேயே பிரமசரியம் காத்ததை நினைவூட்டுகிறார். அறத்தையும் தியானத்தையும் தெளிவையும் பற்றிய உறுதிகள் அதற்குப் பிறகே வருகின்றன. வயிற்றுப்பாட்டை முதலில் தீர்த்துவிட்டு ஞானத்தைப் பிறகு பேசும் இந்த ஒழுங்கை, ஆறுதல் சொல்லப் போகும் எவரும் கற்றுக்கொள்ளலாம். நகுலபிதா பிழைத்தெழுந்து, கோலூன்றிப் புத்தரைக் காணச் செல்கிறார். இப்படியொரு மனைவியின் அறிவுரை உமக்குக் கிடைத்தது பெரும்பேறு என்கிறார் புத்தர்.

இரண்டாவது சம்யுத்த நிகாயம் 55.54. கபிலவத்துவில், புத்தர் விரைவில் பயணம் புறப்படப் போகிறார் என்று கேள்விப்பட்ட சாக்கியரான மகாநாமர், அறிவுள்ள உபாசகர் (இல்லறப் பௌத்தர்) ஒருவர் நோயுற்ற மற்றோர் அறிவுள்ள உபாசகருக்கு எப்படி அறிவுரை சொல்ல வேண்டும் என்று கேட்கிறார். புத்தர் தரும் விடை ஒரு நடைமுறைக் குறிப்பேடு போலவே இருக்கிறது. முதலில் புத்தர், தம்மம், சங்கம் ஆகியவற்றில் அவருக்குள்ள நம்பிக்கையையும் அவருடைய நல்லொழுக்கத்தையும் சொல்லித் தேற்ற வேண்டும். பிறகு கேட்க வேண்டும்: தாய் தந்தையைப் பற்றிய கவலை உண்டா? உண்டு என்று அவர் சொன்னால், கவலைப்பட்டாலும் படாவிட்டாலும் நீர் இறக்கப்போவது உறுதி, ஆகவே அதை விடுவது நல்லது என்று சொல்ல வேண்டும். விட்டேன் என்று அவர் சொன்ன பிறகே மனைவி மக்களைப் பற்றிக் கேட்க வேண்டும். அதன்பின் ஐம்புல இன்பங்கள், அவற்றினும் மேலான தேவலோகங்கள் ஒவ்வொன்றாக, கடைசியில் பிரம்மலோகம். அதுவும் நிலையற்றது என்று காட்டித் 'தான்' என்ற பற்றின் முடிவுக்கு மனத்தைத் திருப்ப வேண்டும். அவ்வாறு விடுபட்ட இல்லறத்தாரின் விடுதலைக்கும் பிக்குவின் விடுதலைக்கும் வேறுபாடில்லை என்று புத்தர் முடிக்கிறார்.

இதில் என்னைக் கவர்ந்தது, ஒவ்வொரு படியும் நோயாளியின் விடையைப் பெற்ற பிறகே ஏறப்படுகிறது என்பதாகும். பேசுபவர் கேட்கிறார், நோயாளி தன் நிலையைச் சொல்கிறார், அந்த இடத்திலிருந்தே அடுத்த சொல் வருகிறது. அதே சமயம், கேட்பவரும் சொல்பவரும் ஒரே நம்பிக்கையுடைய, அறிவுள்ள உபாசகர்கள் என்ற நிபந்தனையும் கேள்வியிலேயே இருக்கிறது. இதை மறந்து, மருத்துவமனையில் கிடக்கும் எவரிடமும் போய் மனைவி மக்களை விட்டுவிடுங்கள் என்று தொடங்குவது சூத்திரத்துக்கும் பொருந்தாது, மரியாதைக்கும் பொருந்தாது. இப்படியான எச்சரிக்கையைத் தளம் தராது; உரையை நிதானமாக வாசிப்பவர் தாமே கண்டுகொள்ள வேண்டும்.

மூன்றாவது மஜ்ஜிம நிகாயம் 143. மரணப் படுக்கையில் இருக்கும் வணிகரான அனாதபிண்டிகரைக் காண, புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தரோடு வரும் தலைமைச் சீடர் சாரிபுத்தர், கண், காது தொடங்கி அறிவுணர்வு வரை எதையும் பற்றாதிருக்கப் பழகுமாறு சொல்கிறார். அனாதபிண்டிகர் அழுகிறார். தளர்ந்துவிட்டீரா என்று ஆனந்தர் கேட்க, இல்லை, நெடுங்காலம் புத்தரையும் பிக்குகளையும் போற்றி வந்தும் இத்தகைய அறவுரையை நான் கேட்டதில்லை என்கிறார். வெள்ளாடை உடுத்த இல்லறத்தாருக்கு இது பொதுவாகச் சொல்லப்படுவதில்லை என்று விடை வருகிறது. அப்படியானால் இனிமேல் சொல்லுங்கள், கண்ணில் தூசி குறைவாக உள்ள இல்லறத்தாரும் இருக்கிறார்கள், கேளாததால் அவர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று சாகும் தறுவாயில் அவர் வேண்டுகிறார். இந்த மூன்று உரைகளையும் சேர்த்து வாசிக்கும்போது, ஆதி பௌத்தம் மரணத்துக்கு ஒரே மருந்தை எல்லாருக்கும் நீட்டவில்லை, ஆளைப் பார்த்துப் பேசியிருக்கிறது என்பது தெளிவாகிறது. நான்கு நிகாயங்களையும் ஒரே திரையில் தரும் தளம் இல்லாவிட்டால் மூன்று தனித்தனித் தொகுதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இழந்தவர்களுக்கான உரைகளில் அங்குத்தர நிகாயம் 5.50-ஐ முதலில் வைப்பேன். புத்தரின் காலத்துக்குப் பின் பாடலிபுத்திரத்தில் நடப்பது அது. முண்ட மன்னரின் பிரியமான அரசி பத்தை இறந்துவிடுகிறார். மன்னர் குளிக்கவில்லை, உண்ணவில்லை, அலுவல்களைக் கவனிக்கவில்லை. இரவும் பகலும் அவள் உடல் மீதே விழுந்து கிடக்கிறார். அவள் உடலை எண்ணெய் நிரப்பிய இரும்புத் தொட்டியில் இட்டு, இன்னொரு இரும்புத் தொட்டியால் மூடி வைக்கும்படி பொருளாளர் பியகனுக்கு ஆணையிடுகிறார், இன்னும் நெடுநாள் அவளைப் பார்க்க வேண்டுமென்று. பியகன் மறுத்துப் பேசவில்லை, சொன்னபடியே செய்கிறான். செய்துவிட்டு, மன்னரின் துக்க முள்ளை எடுக்கக்கூடியவர் யார் என்று யோசித்து, குக்குடாராமம் என்னும் மடத்தில் இருந்த நாரத தேரரிடம் போகுமாறு மெல்லச் சொல்கிறான். மூப்படைவது மூப்படையாமல் இருக்காது, இறப்பது இறக்காமல் இருக்காது, இவற்றை எந்தத் தேவராலும் பெற்றுத் தர முடியாது என்று நாரதர் விளக்கிய பிறகு, மன்னரே பத்தையின் உடலை எரியூட்டித் தூபி (நினைவுச் சின்னம்) எழுப்பச் சொல்கிறார். நாரதரின் போதனை, புத்தர் மல்லிகை அரசியை இழந்த பசேனதி மன்னருக்குச் சொன்னதே (அது 5.49). எனினும் பியகன் இல்லாமல் அந்தப் போதனை முண்டனை எட்டியிருக்காது. துக்கத்தில் இருப்பவரோடு வாதிடாமல், அவர் கேட்டதைச் செய்து கொடுத்து, தக்க நேரத்தில் தக்கவரிடம் அனுப்பிவைக்கும் அந்தப் பொருளாளரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வியப்பு.

அண்மையில் ஒருவரை இழந்தவர் தனியாக இத்தளத்தைத் திறந்து இதே உரைகளைத் தேடலாமா என்றால், வேண்டாம் என்றே சொல்வேன். தேடுபெட்டியில் இறப்பு என்று ஆங்கிலத்தில் இட்டால், துன்பம் எதைச் சார்ந்து தோன்றுகிறது என்று சொல்லும் பன்னிரு சார்புகளின் வாய்பாடு தொடங்கி எல்லாமும் வந்து குவியும். அந்த மனநிலையில் அவற்றைப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது. அவருக்கு வேண்டியவர் யாராவது சம்யுத்த நிகாயம் 47.13-ஐயும் 47.14-ஐயும் எடுத்துக் கொடுக்கலாம். சாரிபுத்தர் இறந்த செய்தியை அவருடைய கிண்ணத்தோடும் ஆடைகளோடும் இளந்துறவி சுந்தன் கொண்டுவருகிறான். கேட்ட ஆனந்தருக்கு உடல் தளர்ந்து திசை தெரியவில்லை. போதனைகள்கூட மனத்தில் நிற்கவில்லை. சாரிபுத்தர் போகும்போது உன் ஒழுக்கத்தை எடுத்துக்கொண்டு போனாரா, தியானத்தையா, ஞானத்தையா என்று புத்தர் கேட்கிறார். இல்லை, ஆனால் அவர் எனக்கு எவ்வளவோ உதவியவர் என்பதே ஆனந்தரின் விடை. அடுத்த சூத்திரத்தில், மற்றொரு தலைமைச் சீடரான மொக்கல்லானரும் மறைந்த பின், சாரிபுத்தரும் மொக்கல்லானரும் இல்லாத இந்தச் சபை வெறுமையாகத் தெரிகிறது என்று புத்தரே சொல்கிறார். துக்கப்படுவது பௌத்தருக்குத் தகாது என்று யாராவது கடிந்துகொண்டால், இந்த இரண்டு பக்கங்களே போதுமான மறுப்பு.

இணை உரைகளின் அட்டவணை ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிட வேண்டாம். பயிற்சிக்கும் அது பயன்படும். சதிபட்டான சூத்திரத்தில் (மஜ்ஜிம நிகாயம் 10) மூச்சைக் கவனிக்கும் பயிற்சியும், இடுகாட்டில் பிணம் சிதைவதைத் தன் உடலோடு ஒப்பிட்டு எண்ணும் பயிற்சியும் உண்டு. நிகாயங்களுக்கு இணையாகச் சீன மொழியில் காக்கப்பட்ட ஆகமத் தொகுதிகளில் மத்தியம ஆகமம் 98-ஐயும் ஏகோத்தரிக ஆகமம் 12.1-ஐயும் உடன் வைத்து ஒப்பிட்டால், பிணத்தை எண்ணும் பயிற்சி மூன்றிலும் இருக்கிறது. மூச்சுப் பயிற்சி ஏகோத்தரிக உரையில் இந்த இடத்தில் இல்லை. இன்று வகுப்புகளில் முன்னே நிற்பது மூச்சு. மூன்று மரபுகளும் ஒருமித்துக் காத்ததோ நாம் தள்ளிவைத்த இடுகாட்டுப் பயிற்சி. அதற்காக உடனே அதில் இறங்கிவிடவும் கூடாது. சம்யுத்த நிகாயம் 54.9-இல், உடலின் அருவருப்பை எண்ணும் பயிற்சியில் மூழ்கிய பிக்குகள் பலர் உடலை வெறுத்துத் தம் உயிரை மாய்த்துக்கொள்கின்றனர்; அதன்பின் புத்தர் மூச்சுப் பயிற்சியைக் கற்பிக்கிறார். மனச்சோர்வில் இருப்பவருக்கு இடுகாட்டுப் பயிற்சியைத் தரக்கூடாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இவ்விரு பக்கங்களுக்கும் இடையே தளத்தில் ஓர் இணைப்பு இருந்திருந்தால் நன்றாக இருக்கும்.

கடுகுக் கதையைத் தேடி வருபவர் ஏமாற்றம் அடையக்கூடும். மகனை இழந்த கிசா கோதமியிடம், சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரப் புத்தர் சொன்ன கதை நான்கு நிகாயங்களில் இல்லை. அதை விரித்துச் சொல்பவை அட்டகதைகள் எனப்படும் பிற்கால விளக்கவுரைகள், அவற்றைத் தருவது தளத்தின் நோக்கமன்று. பெண் துறவிகளின் பாடல் தொகுப்பான தேரிகாதைக்கு அட்டகதை எழுதிய தம்மபாலரை மரபு தமிழகத்தோடு இணைத்துச் சொல்லும் என்பதால், நமக்கு அது அந்நியக் கதையும் அல்ல. மணிமேகலையில் மகன் சார்ங்கலனை இழந்த கோதமை சம்பாபதித் தெய்வத்திடம் அவன் உயிரைத் திருப்பிக் கேட்கும் பகுதியை வாசித்தவர்களுக்கு அந்தத் தாயின் பெயரும் வேண்டுகோளும் உடனே நினைவுக்கு வரும். நிகாயங்களில் கிடைக்கும் கோதமி வேறு மாதிரியானவர்: சம்யுத்த நிகாயம் 5.3-இல், மகனை இழந்தவளைப் போல ஏன் தனியே அமர்ந்திருக்கிறாய் என்று சீண்டும், துறவிகளைக் கலைக்க வரும் மாரனிடம், மகன்கள் சாவதைக் கடந்துவிட்டேன் என்று நிமிர்ந்து சொல்கிறார்.

தமிழ் வாசகருக்கு மிஞ்சும் தடை மொழிதான். நான்கு நிகாயங்களையும் இங்கே முழுமையாகப் பயில ஆங்கிலம் வேண்டும். தமிழில் அந்த முழுமை இல்லை. சுஜாதோ பிக்குவின் ஆங்கிலம் எளியது, குறுகிய வாக்கியங்களால் ஆனது. பள்ளி ஆங்கிலத்தோடு அகராதியையும் வைத்துக்கொண்டு சமாளித்துவிடலாம். அவர் தம் மொழிபெயர்ப்பின் உரிமையைத் துறந்து அதைப் பொதுவுடைமையாக்கி இருப்பதால், மகாநாமருக்குச் சொன்ன சூத்திரத்தையோ நகுலமாதாவின் பேச்சையோ தமிழில் பெயர்த்து, அச்சிட்டு, நோயாளிகளைக் கவனிப்பவர்களுக்குக் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தளத்திலுள்ள பிற மொழிபெயர்ப்பாளர்களின் உரைகளுக்கு உரிமை நிபந்தனைகள் வேறுபடலாம் என்பதால், எடுத்தாளும் முன் யாருடைய மொழிபெயர்ப்பு என்று பார்த்துக்கொள்வது நல்லது.